கேளுங்க, சொல்றேன்: குவார்ட்டர்பேக் எந்தச் சந்தையில் கிடைக்கும்?

போன இதழில் அமெரிக்கக் கால்பந்தை (காலால் உதைப்பதைவிடக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) பற்றி வந்த ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதே கதைதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளையோ மருமகனோ அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீடியோ காலில் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு இங்கே இருக்கும் பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. கேள்வி எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: எங்கள் டீமுக்கு நல்ல குவார்ட்டர்பேக் எப்போதுதான் கிடைப்பார்? சரி, மஞ்சள் விலை பற்றியும் சொட்டு நீர் மானியம் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குவார்ட்டர்பேக் என்றால் யாருங்க? எங்கள் ஊரில் குவார்ட்டர் என்றால் வேறு அர்த்தம். (வாசகர், பெருந்துறை)

எங்கள் ஊரிலும் அதே அர்த்தம்தான். அதை அடித்தவர்கள் ராத்திரி பின்பக்கமாகவே நடப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ‘பேக்’ என்பதும் பொருந்தும். இந்த ஆட்டக்காரரும் பந்தை வாங்கியதும் பெரும்பாலும் முதலில் பின்னால்தான் நடப்பார்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து நகரும் ஒவ்வொரு முறையும் அநேகமாக அது முதலில் போய்ச் சேருவது இவர் கைக்குத்தான். ஒரு முறை முடிந்து அடுத்த முறை தொடங்க 40 விநாடி. இவர் தலைக்கவசத்துக்குள் சின்னதாக ஒரு ரேடியோ இருக்கும், கோச் அதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார், கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அது தானாக அடங்கிவிடும். அப்புறம் அவர் தனி ஆள். எதிரில் யார் எங்கே நிற்கிறான், எவன் பாய்வது போல நடிக்கிறான், எவன் நிஜமாகவே பாயப் போகிறான் என்று பார்த்து, தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்லி, பந்தை வாங்கி, இரண்டரை மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் 120, 130 கிலோ ஆள் ஒருத்தர் மேலே விழுவார்.

சோமனூரில் என் சித்தப்பாவின் தறிப் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். இருபத்து நாலு தறி ஒரே நேரத்தில் ஓடும், பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினால்கூடக் கேட்காது. அவர் நம்மிடம் கையாட்டிப் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று திரும்பி நேராகப் பதினேழாம் தறிக்குப் போவார், அங்கே நூல் அறுந்து தறி நின்றிருக்கும். அவ்வளவு சத்தத்துக்குள் ஒரு சத்தம் குறைந்தது அவருக்கு மட்டும் கேட்கும். அந்தக் காது எந்த நேர்காணலிலும் தெரியாது, பட்டறையில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். குவார்ட்டர்பேக் தேடுவதில் உள்ள மொத்தத் தலைவலியும் இதுதான்.

கேள்வி: என் மருமகன் கிளீவ்லாந்தில் இருக்கிறார். ஒவ்வொரு வருசமும் ‘எங்களுக்கு மட்டும் குவார்ட்டர்பேக் அமையறதே இல்லைங்க மாமா’ என்கிறார். அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா? ஒரு டீமுக்கு என்னென்ன வழி இருக்கிறது? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

உங்கள் மருமகன் மேல் எனக்கு உண்மையிலேயே பரிதாபம். அந்த டீம் 1999இல் மறுபடி ஆரம்பித்ததிலிருந்து இதுவரை முதல் ஆளாக இறக்கிப் பார்த்த குவார்ட்டர்பேக்குகள் நாற்பது பேரைத் தாண்டிவிட்டார்கள். நம் பக்கம் ஒரு வீட்டில் வருசத்துக்கு ஒன்றரை மாப்பிள்ளை பார்த்தது போல.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம், அதனால் எனக்கு இதைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையாகத்தான் யோசிக்க வருகிறது. சந்தைக்குப் போனால் இரண்டு பல் போட்ட கன்று வாங்கலாம், கடைப்பல் சேர்ந்த, ஏர் கண்ட மாடு வாங்கலாம், பணம் பத்தாவிட்டால் நம் மாட்டைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டு மாற்றிக்கொள்ளலாம், இல்லையா, கட்டுத்தறியில் ஏற்கெனவே நிற்பதையே பழக்கிக்கொள்ளலாம்.

கன்று வாங்குவது என்பது டிராஃப்ட். ஏப்ரல் மாதம் நடக்கும், 7 சுற்று. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, போன வருசம் மோசமாகத் தோற்ற டீமுக்கு முதல் தேர்வு. கல்லூரியில் ஆடிய பையன்கள் வருவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது எல்லாம் அங்கேயும் உண்டு: ஓடவிடுவார்கள், எறியவிடுவார்கள், உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அளப்பார்கள். அப்படியும் தப்பும். 1998இல் முதல் தேர்வு பெய்டன் மேனிங், இரண்டாவது ரையன் லீஃப். அன்றைக்கு இரண்டு பேரில் யார் உசத்தி என்று நிஜமாகவே சண்டை நடந்தது. மேனிங் சரித்திரத்தில் நின்றார். லீஃப் நாலைந்து வருசத்தில் காணாமல் போனார்.

கிளீவ்லாந்தும் இந்த வழியில் போகாமல் இல்லை. 1999இல் முதல் தேர்வில் டிம் கவுச், 2018இல் முதல் தேர்வில் பேக்கர் மேஃபீல்டு. மேஃபீல்டு 2021 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஜெயித்தும் கொடுத்தார், அதை உங்கள் மருமகன் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த சீசன் சரியில்லை என்றதும் பொறுமை போய்விட்டது.

மாற்றிக்கொள்வது என்பது டிரேடு. இதில் பெரும்பாலும் பணம் கைமாறுவதைவிட வரப்போகும் வருசங்களின் டிராஃப்ட் தேர்வுகள்தான் கைமாறும், அதாவது பிறக்காத கன்றுகளையும் சேர்த்து எழுதிக்கொடுப்பது. நன்றாக அமைந்ததற்கு உதாரணம் 2021. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், தங்களிடம் இருந்த ஜாரெட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், கூட மூன்றாம் சுற்றில் ஒன்றையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார்கள். அந்த சீசனே சூப்பர் பவுல், அதாவது இறுதிப் போட்டியின் கோப்பை, அவர்கள் கைக்கு வந்தது. விசேஷம் என்னவென்றால், கழித்துக் கட்டப்பட்ட காஃபும் டெட்ராய்ட்டைத் தூக்கி நிறுத்தி, 2024 ஜனவரியில் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார். விற்றவரும் வாங்கியவரும் சந்தோசமாக வீட்டுக்குப் போன வியாபாரம், சந்தையில் அபூர்வம்.

இன்னொரு வழி, ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கும் ஆட்களை மார்ச் மாதம் சேர்ப்பது. 2020இல் டாம் பிரேடி நாற்பத்திரண்டு வயதில் இப்படித்தான் டாம்பாவுக்குப் போனார், முதல் சீசனிலேயே சூப்பர் பவுல். ஆனால் பிரேடி மாதிரி ஒருத்தர் வெளியே வருவது பத்து இருபது வருசத்துக்கு ஒரு தடவை. சாதாரணமாக வெளியே நிற்கிறவரை, ‘இவ்வளவு நல்ல மாட்டை இவர் எதுக்கு விக்கறாரு?’ என்று எங்கள் அப்பாரு கேட்பாரே, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இண்டியானாபோலிஸ் கதை அதற்குப் பாடம். ஆண்ட்ரூ லக் என்று அருமையான ஆட்டக்காரர், காயங்கள் தாங்காமல் 2019 ஆகஸ்டில் 29 வயதில் ஓய்வு என்று சொல்லிவிட்டார், சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த வருசம் ஜகோபி பிரிசெட், 2020இல் ஃபிலிப் ரிவர்ஸ், 2021இல் கார்சன் வென்ட்ஸ், 2022இல் மேட் ரையன். வருசத்துக்கு ஒரு ஆள், எல்லாரும் வேறு டீமில் பெயர் எடுத்தவர்கள் அல்லது பெஞ்சில் இருந்தவர்கள். ஒவ்வொரு தடவையும் இந்த வருசத்தை ஓட்டிவிடலாம் என்ற கணக்கு. கைமாற்று வாங்கி வட்டி கட்டுகிற மாதிரி.

கேள்வி: பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவரையே இறக்கிப் பார்த்தால் என்னங்க? (வாசகர், சேலம்)

சேலத்துக்காரர் இதைக் கேட்கலாமா? உங்கள் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் ஆஸ்திரேலியா போனார். ஒவ்வொருவராகக் காயம் பட்டு விழ, ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகிவிட்டு வந்தார். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் சிலதும் அதே வாசல் வழியாகத்தான் வந்தன.

டாம் பிரேடி 2000 டிராஃப்டில் ஆறாம் சுற்று, 199ஆவது ஆள். அடுத்த வருசம் முதல் ஆள் டிரூ பிளெட்சோ அடிபட்டு வெளியே போக, உள்ளே வந்தார், அந்த சீசனே சூப்பர் பவுல், கடைசியில் மொத்தம் ஏழு. கர்ட் வார்னர் ஒரு காலத்தில் மளிகைக் கடையில் ராத்திரி அலமாரி அடுக்கியவர். 1999இல் ராம்ஸ் டீமின் முதல் ஆள் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் போய் விழுந்ததால் இறங்கினார், அவரும் சூப்பர் பவுல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ கதை. 2021இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைத் தூக்கிக் கொடுத்து மேலே ஏறி, மூன்றாவது ஆளாக டிரே லான்ஸ் என்ற பையனை எடுத்தார்கள். அடுத்த வருசம், 262 பேர் எடுக்கப்பட்ட டிராஃப்டில் 262ஆவதாக, கடைசியோ கடைசியாக, பிராக் பர்டி. கடைசியாக வருபவரை அங்கே ‘யாருக்கும் வேண்டாதவர்’ என்கிற அர்த்தத்தில் கேலிப்பெயர் வைத்து விழாவே எடுப்பார்கள். லான்ஸ் கணுக்கால் உடைந்தது, அடுத்தவர் பாதம் உடைந்தது, பர்டி வந்தார். 2024 பிப்ரவரியில் டீம் சூப்பர் பவுல் ஆடியது, தோற்றார்கள், அது வேறு. லான்ஸை அதற்குள் ஒரே ஒரு நாலாம் சுற்றுத் தேர்வுக்கு டல்லஸிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று பேரையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. முன்னால் இருந்தவர் விழுந்ததால் தெரிய வந்தார்கள். அப்படியானால் யாருமே விழாமல், கடைசி வரை உட்கார்ந்தே போனவர்கள் எத்தனை பேரோ என்று ராத்திரி சில நேரம் தோன்றும்.

கேள்வி: காசுதான் கொட்டிக் கிடக்கிறதே, நல்ல ஆளாகப் பார்த்து விலை பேசி முடிக்க வேண்டியதுதானே? (வாசகர், திருப்பூர்)

முதலாளி கேட்கும் கேள்வி. முடியாதுங்க. ஒரு டீம் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று எல்லை உண்டு, 2025க்கு அது 27.92 கோடி டாலர். இதில் 53 பேருக்குப் படியளக்க வேண்டும். மேல்தட்டு குவார்ட்டர்பேக் சம்பளம் வருசத்துக்கு 6 கோடி டாலர் வரை போய்விட்டது, 2024இல் டல்லஸின் டாக் பிரெஸ்காட் வாங்கியது அதுதான். உங்கள் கம்பெனியில் மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மெர்ச்சன்டைசருக்குப் போனால், கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் என்ன மிஞ்சும்? ஆர்டர் வரும், பீஸ் போகாது.

டிராஃப்டில் வந்த பையனுக்கோ நாலு வருச ஒப்பந்தம், சம்பளம் முன்பே வரையறுத்தது. பர்டிக்கு 2023இல் அடிப்படைச் சம்பளம் 8.7 லட்சம் டாலர், அந்தச் சம்பளத்துக்குத்தான் டீமை சூப்பர் பவுல் வரை இழுத்துப் போனார். மிச்சமான காசில் மற்ற இடமெல்லாம் பலமான ஆட்கள். 2025இல் அவருக்கே ஐந்து வருசத்துக்கு 26.5 கோடி டாலர் எழுதினார்கள். இனிமேல் அவர்களுக்கும் கை கடிக்கும்.

காசைக் கொட்டியவர்கள் கதையையும் கேளுங்கள். கிளீவ்லாந்து 2022இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னும் சிலதையும் கொடுத்து டேஷான் வாட்சனை வாங்கி, ஐந்து வருசத்துக்கு 23 கோடி டாலர், ஒரு பைசா குறையாமல் உத்தரவாதம் என்று கையெழுத்துப் போட்டது. நம் காசில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்குப் பக்கம். முதலில் ஆடக்கூடாது என்று தடை, அப்புறம் தோள், அப்புறம் குதிகால் தசைநார். முதல் மூன்று சீசனில் சேர்த்து ஆடியது 19 ஆட்டம். நடுவில் 2023இல் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோவை நவம்பரில் கூப்பிட்டார்கள், மனிதர் ஐந்து ஆட்டத்தில் நாலை ஜெயித்து பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். கோபி மாமா, உங்கள் மருமகன் அந்த ஒரு மாதம் மட்டும் சிரித்திருப்பார்.

டென்வரும் அதே வருசம் ரசல் வில்சனுக்கு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, மூன்று ஆட்டக்காரர்கள் எல்லாம் கொடுத்தது. இரண்டே சீசனில் வெளியே அனுப்பி, ஆடாத ஆளுக்காகச் சம்பள எல்லையில் 8.5 கோடி டாலரை இரண்டு வருசமாகக் கழித்துக்கொண்டார்கள்.

கேள்வி: பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். திங்கட்கிழமை விடிவதற்குள் டிவி போட்டு உட்கார்ந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்கிறான், பொய்தானே? (வாசகி, பொள்ளாச்சி)

பொய் இல்லைங்கம்மா. அங்கே ஞாயிறு ராத்திரி ஆட்டம் 8.20க்கு. நமக்கு அது திங்கள் காலை 5.50, குளிர்காலத்தில் 6.50. பால் கறந்து முடித்ததும் அவனுக்கும் ஒரு காபி கொடுங்கள்.

கேள்வி: கடைசியாக வருகிற டீமுக்குத்தான் முதல் தேர்வு என்றால் வேண்டுமென்றே தோற்றுவிடலாமே? (வாசகர், நாமக்கல்)

முட்டை விலை நிர்ணயம் பார்க்கிற ஊர், மூளை இப்படித்தான் போகும். கூடைப்பந்தில் இதைத் தடுக்கக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள், இங்கே அது கூட இல்லை. ஆனால் ஆடுகிறவர்களுக்கு அடுத்த வருசம் வேலை இருக்குமா என்பதே தெரியாது, அவர்கள் எதற்குத் தோற்கப் போகிறார்கள்? தோற்றால் வரப்போகிறவர் தன் இடத்துக்கே வருவார்.

தோற்பதைவிட நல்ல தந்திரம் அடுத்தவர் தோற்பதில் பங்கு வைப்பது. 2023இல் முதல் தேர்வு சிகாகோ கையில் இருந்தது. அதைக் கரோலினாவுக்கு விற்று, பதிலுக்கு ஒரு நல்ல ஆட்டக்காரரையும் சில தேர்வுகளையும் வாங்கினார்கள், அதில் ஒன்று கரோலினாவின் அடுத்த வருச முதல் சுற்று. கரோலினா பிரைஸ் யங்கை எடுத்து, 17 ஆட்டத்தில் இரண்டு மட்டும் ஜெயித்துக் கடைசியில் வந்தது. அதனால் 2024இன் முதல் தேர்வு மறுபடியும் சிகாகோ வீட்டுக்கே வந்து சேர்ந்தது, கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள். விற்ற மாடு அடுத்த சந்தைக்குக் கன்றோடு திரும்பி வந்த கதை.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? (வாசகர், கரூர்)

எங்கள் அப்பாரு புதுக் காளையைத் தனியாகவோ, இன்னொரு புதுக் காளையோடோ நுகத்தில் பூட்ட மாட்டார். பக்கத்தில் கிழட்டு மாடு ஒன்று நிற்க வேண்டும். முதலில் வெறும் நுகம், அப்புறம் ஒரு கட்டை கட்டி இழுக்கவிடுவது, அப்புறம் வெறும் வண்டி, அப்புறம்தான் பாரம். புதுக் காளை மிரண்டு ஒரு பக்கம் இழுக்கும், கிழடு அசையாமல் நிற்கும், கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்துப் புதுசு தானாக நேராக வரும். அந்த ஒன்றிரண்டு மாதம் அவர் அவசரப்பட்டுப் பார்த்ததில்லை. வீட்டில்தான் ‘தீனிக்குக் கேடு’ என்று முணுமுணுப்பார்கள்.

கிரீன் பே டீம் இதைத்தான் செய்கிறது. 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தார்கள், பிரெட் ஃபேவ்ருக்குப் பின்னால் மூன்று வருசம் உட்கார்ந்தார். 2020இல் ஜோர்டன் லவ், அவர் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருசம். இரண்டு தடவையும் பெரியவருக்குக் கோபம், ரசிகர்களுக்குக் கோபம், இரண்டு தடவையும் முதல் ஆள் இடம் காலியாகக் கிடக்கவில்லை. கான்சாஸ் சிட்டி 2017இல் மேலே ஏறிப் பத்தாவதாகப் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது, அப்போது அவர்களிடம் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த அலெக்ஸ் ஸ்மித் இருந்தார். மஹோம்ஸ் முதல் வருசம் கடைசி ஆட்டம் மட்டும் ஆடினார். அடுத்த வருசம் லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர்.

ஆக, நான் முதலாளி என்றால் ஆள் இருக்கும்போதே ஆள் எடுப்பேன். இல்லாதபோது தேடினால் விற்கிறவருக்கு நம் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், துண்டுக்கு அடியில் இரண்டு விரல் கூடுதலாகப் பிடிப்பார். கையில் யாருமே இல்லையென்றால், பெரிய விலைக்குப் போகாமல் ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒரு மூத்தவர், அவர் பக்கத்தில் டிராஃப்டில் ஒரு பையன். மூன்று முதல் சுற்றுகளை ஒரே ஆளுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன்.

இதுவும் வேதம் கிடையாது. பிரைஸ் யங்குக்கு அடுத்து, இரண்டாவதாக ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்டிரவுட் முதல் நாளே இறங்கி முதல் வருசமே டீமை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். இன்னொரு பக்கம், பெரியவர் வழிவிடும் நேரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் சென்னை டீமே காட்டியது. 2022இல் தோனி ஜடேஜாவிடம் கேப்டன் பதவியைக் கொடுத்து, எட்டு ஆட்டத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நுகத்தைக் கழுத்தில் வைத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் பேரனுக்கு உள்ளங்கை பெரிசு. எறிபந்தில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறான். அவனை அனுப்பலாமா? (வாசகர், தாராபுரம்)

அங்கே கை அளப்பது எப்படி என்றால், விரல்களை நன்றாக விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. நம் சாண் அதேதான். ஒரு சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று நம்மவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், 2020இல் முதல் தேர்வாகப் போன ஜோ பரோவுக்கு அளந்தபோது சரியாக ஒன்பது அங்குலம் வந்தது, ‘கை சின்னது’ என்று ஊரே பேசியது. 2022இல் கென்னி பிக்கெட்டுக்கு எட்டரை. அதைப் பற்றி வாரக்கணக்கில் விவாதம் நடந்தது, அப்படியும் பிட்ஸ்பர்க் முதல் சுற்றிலேயே எடுத்தது, இரண்டு வருசத்தில் வேறு டீமுக்கு அனுப்பியது. கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

அமெரிக்கா இப்போதைக்கு வேண்டாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பால் வருகிறது, ஒரு பக்கத்துக்கு ஐந்தே பேர், மேலே விழுந்து அமுக்குவது கிடையாது, இடுப்பில் தொங்கும் பட்டியைப் பறித்தால் போதும், பெண்களுக்கும் தனியாக உண்டு. பள்ளி மைதானத்தில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஆடிவிடலாம். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துப் பையன் கையை அளந்து எழுதுங்கள். எட்டரைக்குக் கீழே வந்தாலும் எழுதுங்கள், அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள்.